இயலுவதும் செய்வதும்: பணியிட ஆய்வில் அறிதிறனையும் நடத்தையையும் அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பணியிட உளவியலில் ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு வினாப்பட்டியலோடுதான் வருகிறார்கள். எதை அளக்கப் போகிறோம் என்பது முடிவாவதற்கு முன்பே எதைக் கொண்டு அளப்பது என்பது முடிவாகிவிடுகிறது. பிறகு ஆறு மாதம் தகவல் திரட்டி, கணினியில் ஏற்றி, அட்டவணை போட்டுப் பார்க்கும்போது, கேட்ட கேள்விக்கும் கிடைத்த எண்ணுக்கும் தொடர்பில்லை என்று தெரிகிறது. அந்த நிலையில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது. எனவே இந்த வழிகாட்டியில் கருவிகளைவிட, கருவியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடக்கத்திலேயே மனத்தில் பதிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஒருவரால் எந்த அளவுக்கு இயலும் என்பதைச் சொல்வது அறிதிறன். அவர் அன்றாடம் என்ன செய்கிறார் என்பது நடத்தை. முன்னதை அளக்கும்போது பங்கேற்பாளர் தம் முழு முயற்சியையும் தர வேண்டும், பின்னதை அளக்கும்போது அவர் எப்போதும்போல் இருக்க வேண்டும். 1988இல் பால் சாக்கெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்கப் பேரங்காடிகளில் பில் போடும் ஊழியர்களிடம் இதைச் சோதித்தார்கள். இயந்திரத்தில் தானாகப் பதிவாகும் அன்றாட வேகத்தை ஒரு பக்கமும், பொருள் நிரப்பிய வண்டியைக் கொடுத்து, சோதிக்கப்படுகிறோம் என்று ஊழியருக்குத் தெரிந்த நிலையில் எடுத்த வேகத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதைச் சொல்லும் எண்; தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1) மிகக் குறைவாகவே இருந்தது. சோதனையில் முந்தியவர் சாதாரண செவ்வாய்க்கிழமை மதியத்திலும் முந்துவார் என்று எண்ண இடமில்லை. இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுதான்.

படி 1: வேலையின் பக்கத்தில் உட்காருங்கள்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வேலையை மூன்று நான்கு நாட்களாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். டேட்டா என்ட்ரி செய்பவரை எடுத்துக்கொள்வோம். கண் மூலப் படிவத்துக்குப் போகிறது, ஐந்தாறு இலக்கங்களை மனம் பிடித்துக்கொள்கிறது, விரல்கள் தட்டுகின்றன, கண் மீண்டும் படிவத்துக்குத் திரும்பும்போது எந்த வரியில் விட்டோம் என்று ஒரு கணம் தேடுகிறது. பிழை பெரும்பாலும் அந்தத் தேடலில்தான் நுழைகிறது. இதைப் பார்த்த பிறகு, இந்த வேலைக்கு வேண்டியவை குறுகிய கால நினைவும் நீடித்த கவனமும் என்று நீங்களே எழுதிவிட முடியும். அதோடு, எப்போது எழுந்து போகிறார், பிழை கண்ணில் பட்டால் திருத்துகிறாரா விட்டுவிடுகிறாரா, பக்கத்து மேசைக்காரருக்கு உதவுகிறாரா என்பவையெல்லாம் நடத்தையின் பட்டியலில் சேரும்.

கண்ணால் பார்க்க முடியாதவற்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1954இல் ஜான் ஃபிளனகன் முன்வைத்த முக்கிய நிகழ்வு முறை இதற்கு இன்றும் உதவுகிறது. "நல்ல தொழிலாளி எப்படி இருப்பார்?" என்று கேட்டால் பொறுப்பு, ஒழுக்கம், விசுவாசம் என்று பொதுச்சொற்கள்தான் வரும். "போன மாதத்தில் இந்தப் பிரிவில் ஒருவர் செய்த காரியத்தால் வேலை கெட்டதோ காப்பாற்றப்பட்டதோ உண்டா? அவர் என்ன செய்தார்?" என்று கேட்டால் நிகழ்ச்சி கிடைக்கும், நிகழ்ச்சியைத்தான் அளக்க முடியும்.

இந்தப் படியின் முடிவில் உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். அந்த வாக்கியத்தில் குறிப்பிட்ட ஒரு திறனும், குறிப்பிட்ட ஒரு நடத்தையும், அவை நிகழும் சூழலும் இருக்க வேண்டும். "ஊழியர்களின் அறிவாற்றலுக்கும் செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பு" என்பது ஆய்வேட்டின் தலைப்பாகலாம், ஆய்வுக் கேள்வியாகாது.

படி 2: அறிதிறனுக்கான கருவி

பொதுவான அறிதிறன் வேண்டுமா, குறிப்பிட்ட ஒரு திறன் வேண்டுமா என்று முதலில் தீர்மானியுங்கள். வெவ்வேறு சோதனைகளில் ஒருவர் பெறும் மதிப்பெண்கள் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கண்டு, 1904இல் சார்ல்ஸ் ஸ்பியர்மன் பொதுக் காரணி ஒன்றை முன்வைத்தார். பல ஆண்டுப் பணிவளர்ச்சியைப் பற்றிய கேள்விக்கு அந்தப் பொதுத்திறன் பொருந்தும். தூக்கம், களைப்பு, சத்தம், பணக்கவலை போன்றவற்றால் நாளுக்கு நாள் மாறக்கூடியதைப் பற்றிய கேள்வியென்றால், அந்த மாற்றத்தை உணரக்கூடிய குறிப்பான கருவி வேண்டும்.

பொதுத்திறனுக்கு அதிகம் பயன்படுவது ரேவனின் படிநிலை அணிச் சோதனை. அதன் வழக்கமான வடிவத்தில் ஐந்து தொகுதிகளாக 60 வினாக்கள் உள்ளன; ஒவ்வொன்றிலும் விடுபட்ட உருவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறுவனங்கள் ஆளெடுக்கப் பயன்படுத்தும் வொண்டர்லிக் சோதனை 12 நிமிடத்தில் 50 வினாக்களைத் தருகிறது. அதில் வாசிக்கும் வேகமும் சேர்ந்தே அளக்கப்படுவதால், ஆங்கிலத்தைத் தயங்கித் தயங்கி வாசிப்பவரின் மதிப்பெண்ணை அறிதிறன் என்று எழுதுவது தவறாகும். இது புதிய சிக்கலும் அல்ல. 1917இல் ராபர்ட் யெர்கஸ் தலைமையில் அமெரிக்க இராணுவத்துக்குச் சோதனை வகுத்தபோதே, ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா என்றும் தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன பீட்டா என்றும் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

நம் மண்ணிலேயே நடந்த ஓர் ஆய்வை இங்கே நிதானமாகப் பார்க்கலாம். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை, கரும்பு வெட்டிப் பணம் வருவதற்கு முன்பும் வந்த பின்பும் சோதித்து, ஆனந்தி மணியும் சக ஆய்வாளர்களும் 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரேவன் வகைச் சோதனையோடு ஸ்ட்ரூப் சோதனையையும் பயன்படுத்தினார்கள். வழக்கமான ஸ்ட்ரூப்பில் "சிவப்பு" என்ற சொல் பச்சை மையில் அச்சாகியிருக்கும். மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். எழுத்து வாசிக்கத் தடுமாறுபவருக்கு இது பொருந்தாது என்பதால் எண்களுக்கு மாறினார்கள். 5 5 5 என்று இருந்தால் விடை மூன்று. 'ஐந்து' என்று சொல்லத் துடிக்கும் நாக்கை அடக்குவதுதான் சோதனை. அறுவடைக்கு முன்பு மதிப்பெண்கள் குறைந்திருந்தன. ஒரே சோதனையை இரண்டாம் முறை எழுதினால் பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும் அல்லவா? அந்த ஐயத்தைத் தீர்க்க, 100 விவசாயிகளை முதல் சுற்றில் சோதிக்காமல் தனியே வைத்திருந்து, அறுவடைக்குப் பிறகே முதன்முறையாகச் சோதித்து ஒப்பிட்டார்கள். முன்பின் ஒப்பீடு செய்யும் எந்த மாணவரும் இந்த ஏற்பாட்டைத் தம் திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கவனத்தின் ஏற்ற இறக்கத்துக்கு விழிப்புநிலைச் சோதனை ஏற்றது. திரையில் 2 முதல் 10 விநாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் ஓர் அடையாளம் தோன்றும். கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமாகப் பத்து நிமிடம் நடக்கும் இதில், அரை விநாடிக்கு மேல் தாமதித்தால் அது ஒரு தவறலாகக் கணக்கிடப்படும். படிப்பு இல்லாதவரும் இதைச் செய்ய முடியும். நினைவுக்கு, ஆய்வாளர் தொட்ட கட்டைகளை அதே வரிசையில் தொட்டுக் காட்டும் கோர்சி சோதனை இருக்கிறது.

சொற்களே இல்லாத சோதனையானாலும் பண்பாட்டின் சாயல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆறு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் பள்ளியில் வருவது. பள்ளியை இடையில் விட்டவருக்குப் பயிற்சி வினாக்கள் இரண்டு போதாது; விதி புரிந்தது என்று அவர் செய்துகாட்டும்வரை கொடுக்க வேண்டும். வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து நம் தொழிலாளர்களைச் 'சராசரிக்குக் கீழ்' என்று வகைப்படுத்தவும் கூடாது. உங்கள் மாதிரிக்குள் ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவதே பெரும்பாலான ஆய்வுகளுக்குப் போதும். ரேவன், வொண்டர்லிக் போன்றவை உரிமம் பெற்றே பயன்படுத்த வேண்டியவை. நகலெடுத்துப் பரப்பினால் சோதனையின் இரகசியமும் கெடும். பணவசதி இல்லையென்றால், ஆய்வுப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஐகார் என்னும் பன்னாட்டு அறிதிறன் தொகுப்பைப் பாருங்கள்.

படி 3: நடத்தைக்கான கருவி

நடத்தையை நான்கு வழிகளில் அளக்கலாம்: பதிவேடு, நேர்நோக்கு, பிறர் மதிப்பீடு, தன்னறிக்கை. ஒவ்வொன்றும் வேறொரு இடத்தில் பொய்க்கும்.

பதிவேட்டில் வருகை, உற்பத்தி, பிழை எல்லாம் எண்ணாகவே கிடைக்கும். ஆனால் அந்த எண்ணில் தொழிலாளியின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பழைய இயந்திரத்தில் நிற்பவரின் உற்பத்தி குறைவாக இருந்தால் அது இயந்திரத்தின் கணக்கு. இயந்திரத்தையும் ஷிப்டையும் பதிவுசெய்யாமல் உற்பத்தியை மட்டும் வாங்கி வராதீர்கள்.

பொருளையே கூர்ந்து பார்த்தாலும் நடத்தை தெரியும். ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் 408 தொழிலாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், கூலியின் ஒரு பகுதியைச் சிலருக்கு முன்கூட்டியே கொடுத்து, அதன் விளைவைப் பார்த்தார்கள். எத்தனை தட்டு தைத்தார் என்பதோடு நிற்காமல், ஒரு தட்டுக்கு எத்தனை இலை செலவானது, எத்தனை தையல் போட்டார், தவறாகக் குத்திப் பிரித்து மறுபடி குத்தியதால் எத்தனை இரட்டை ஓட்டை விழுந்தது என்றெல்லாம் எண்ணினார்கள். கவனம் சிதறியதை அந்தத் தையல் இலையே சொல்லிவிடுகிறது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நடத்தை அளவீட்டில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளில் இது ஒன்று.

நேர்நோக்குக்கு, என்ன பார்த்தால் எந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும் என்ற விதிப்புத்தகம் முதலில் வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டு, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் கோஹெனின் கப்பா அளவால் உடன்பாட்டைச் சரிபார்க்க வேண்டும். பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு நடத்தையை மாற்றும் என்பதால், முதல் இரண்டு மூன்று நாட்களின் குறிப்புகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது நல்லது.

சூப்பர்வைசர் மதிப்பீடு எளிதாகக் கிடைக்கும், எளிதாகவே ஏமாற்றும். ஒருவர் நேரத்துக்கு வருகிறார் என்ற நல்லெண்ணத்தால் அவருடைய தரம், வேகம், ஒத்துழைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் விழும். 1996இல் விஸ்வேஸ்வரன், ஓன்ஸ், ஷ்மிட் ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே ஊழியரைப் பற்றி இரண்டு மேற்பார்வையாளர்கள் தரும் மதிப்பீட்டின் நம்பகத்தன்மை, அதாவது இருவரும் ஒத்துப்போகும் அளவு, முழுமையான 1க்கு எதிராக 0.52 அளவில்தான் இருந்தது. எனவே முடிந்தவரை இருவரிடம் கேளுங்கள். 'நன்று, மிக நன்று' என்பதற்குப் பதிலாக, படி 1இல் திரட்டிய நிகழ்ச்சிகளையே அளவுகோலின் ஒவ்வொரு புள்ளியிலும் எழுதி வையுங்கள். அறிதிறன் மதிப்பெண் மதிப்பிடுபவரின் கண்ணில் படவே கூடாது. பட்டால் அதுவே அவருடைய மதிப்பீட்டுக்குள் போய்விடும்.

தன்னறிக்கைக்கு வேறு வழியே இல்லாத நடத்தைகளும் உண்டு. பொருளை எடுத்துப் போவது, வேண்டுமென்றே மெதுவாகச் செய்வது, சக ஊழியரைக் கேலி செய்வது ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் வராது. பென்னட், ராபின்சன் இருவரும் 2000இல் உருவாக்கிய 19 வினா அளவுகோல் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. 12 வினாக்கள் நிறுவனத்துக்கு எதிரானவை, 7 சக மனிதருக்கு எதிரானவை. பெயரில்லாத படிவம், மூடிய பெட்டி, மேலாளர் இல்லாத அறை என்ற மூன்றும் இல்லாமல் இதைக் கொடுக்காதீர்கள்.

படி 4: தமிழில் கேட்பது

ஒருவர் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிடும் முறையை 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் வகுத்துத் தந்தார். தேவையான முறைதான், ஆனால் போதாது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர், மோசமான தமிழிலிருந்தும் மூல ஆங்கிலத்தை ஊகித்துவிடுவார். தொழிலாளி ஊகிக்க மாட்டார்.

தமிழுக்கே உரிய இடர்கள் சில உள்ளன. "நான் வேலையில் கவனக்குறைவாக இருப்பதில்லை" என்று எழுதி ஆமாம், இல்லை என்று கேட்டால், "ஆமாம், இருப்பதில்லை" என்று சொல்பவரும் "இல்லை, இருப்பதில்லை" என்று சொல்பவரும் ஒரே கருத்தைத்தான் சொல்கிறார்கள். உங்கள் கணக்கிலோ எதிரெதிர்க் கட்டங்களில் விழுகிறார்கள். எதிர்மறை வினாவை நேர்மறையாக மாற்றி எழுதுங்கள். 'எப்போதாவது', 'அவ்வப்போது', 'சில நேரங்களில்' ஆகியவற்றில் எது கூடுதல் என்று பத்துப் பேரைக் கேட்டால் ஒரே வரிசை வராது. "போன மாதத்தில் ஒருமுறைகூட இல்லை, ஒன்றிரண்டு முறை, வாரம் ஒருமுறை, தினமும்" என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். 'மேலதிகாரி' என்றால் சிலருக்கு முதலாளி, சிலருக்குச் சூப்பர்வைசர். யாரைக் கேட்கிறீர்களோ அவரை அங்கே அழைக்கும் பெயராலேயே எழுதுங்கள்.

வினாவை வாசித்துக் காட்டிக் கேட்பதானால் இன்னொன்றும் சேரும். படிவத்தில் 'உதவியிருக்கிறீர்களா' என்று இருக்கும். வாசிப்பவரோ தம் ஊர்ப் பேச்சில், தமக்குத் தோன்றியபடி மாற்றிக் கேட்பார். ஐந்து பேர் கேட்டால் ஐந்து வினா. பேச்சு வடிவத்தையே எழுதிக் கொடுத்து, "ஒதவியிருக்கீங்களா" என்று எல்லோரும் ஒன்றுபோல் கேட்கும்படி செய்யுங்கள். பிறகு எட்டுப் பத்துத் தொழிலாளர்களிடம் ஒவ்வொரு வினாவையும் வாசித்து, "இதில் என்ன கேக்குறோம்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, வினாப்பட்டியலை மிக அதிகமாகத் திருத்திக் கொடுப்பது இந்த ஒரு மணி நேரம்தான்.

படி 5: முன்னோட்டம்

முப்பது நாற்பது பேரிடம் முழு நடைமுறையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அளவுகோலின் உள்ளிசைவுக்கு, அதாவது அதன் வினாக்கள் எல்லாம் ஒரே விஷயத்தை அளக்கின்றனவா என்று பார்க்க, கிரான்பாக் ஆல்பாவைக் கணக்கிட்டு, 0.70க்குக் கீழே வந்தால் வினாக்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இவ்வளவு சிறிய மாதிரியில் ஆல்பாவே தள்ளாடும் என்பதால் அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். அறிதிறன் சோதனையில் எல்லோரும் முழு மதிப்பெண்ணை ஒட்டி வந்தாலும் எல்லோரும் அடியிலேயே நின்றாலும் அந்தக் கருவி உங்களுக்குப் பயன்படாது.

படி 6: களத்தில்

என் முதல் களப்பணி ஒரு நூற்பாலையில். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஓர் அறையில் நாற்பது பேரை உட்கார வைத்துப் படிவம் கொடுத்தேன். ஏற்பாடு செய்துதந்த சூப்பர்வைசர் உதவியாக இருக்கட்டும் என்று கதவோரம் நின்றார். அவரை வெளியே போகச் சொல்ல எனக்குத் தயக்கம். "சூப்பர்வைசர் நியாயமாக நடந்துகொள்கிறார்" என்ற வினாவுக்கு நாற்பது படிவத்திலும் ஐந்துக்கு ஐந்து. அத்தனையையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. தவறு முழுக்க என்னுடையது. கேட்டிருந்தால் அவர் போயிருப்பார்.

அதன்பின் நான் எழுதிவைத்துக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது: அறிதிறன் சோதனை ஷிப்டின் ஒரே கட்டத்தில் எல்லோருக்கும் நடக்க வேண்டும், இரவு ஷிப்ட் முடிந்து வருபவரையும் காலையில் புதிதாக வருபவரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கக் கூடாது. அறிவுறுத்தலைத் தாளைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டும். சோதனைக்குச் செலவாகும் நேரத்துக்குக் கூலி குறையாது என்று முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். துண்டு வேலைக்கூலிக்காரருக்கு அரைமணி நேரம் என்பது பணம்; அந்தக் கவலையோடு எழுதும் சோதனை அந்தக் கவலையையும் சேர்த்தே அளக்கும். அறிதிறன் ஒரு நாள், நடத்தை வினாக்கள் வேறொரு நாள் என்று பிரிப்பது உத்தமம்.

படி 7: எண்களை வாசிப்பது

மாதிரியின் அளவைக் களத்துக்குப் போகுமுன் கணக்கிட வேண்டும். 0.30 ஒட்டுறவை 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்கச் சுமார் 85 பேர் போதும், 0.20 என்றால் சுமார் 194 பேர் வேண்டும். இங்கே பலர் தவறவிடுவது கருவியின் நம்பகத்தன்மையை. அறிதிறன் சோதனையின் நம்பகத்தன்மை 0.80, சூப்பர்வைசர் மதிப்பீட்டினுடையது 0.52 என்று வைத்துக்கொள்வோம். உண்மையான தொடர்பு 0.30 ஆக இருந்தாலும், இரண்டின் பெருக்கற்பலனின் வர்க்கமூலத்தால் அது சுருங்கி 0.19 ஆகத்தான் உங்கள் கண்ணில் படும். 85 பேரோடு போனவர் "தொடர்பில்லை" என்று எழுதிவிடுவார்.

ஏற்கனவே தேர்வாகி வேலையில் இருப்பவர்களிடம் மட்டும் அளந்தால் மதிப்பெண்களின் வீச்சு குறுகி, தொடர்பு இன்னும் தாழும். இதைச் சரிசெய்யும் சூத்திரங்கள் உண்டு. அவற்றைக் கைதாராளமாகப் பயன்படுத்துவதிலும் ஆபத்து உண்டு. 1998இல் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, பொது அறிதிறனுக்கும் பணிச்செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பை 0.51 என்றார்கள். 2022இல் சாக்கெட் குழுவினர் அந்த எண்ணைப் பெறச் செய்த வீச்சுத் திருத்தங்கள் மிகையானவை என்று காட்டி, 0.31 என்று மறுமதிப்பீடு செய்தார்கள். எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு ஒரே முறையில் மதிப்பிடும் ஒழுங்கமைந்த நேர்காணல், பணிச்செயல்பாட்டோடு 0.42 தொடர்பு காட்டி முன்னே வந்தது. ஆகவே திருத்தாத எண்ணையும் திருத்திய எண்ணையும் இரண்டையும் அச்சிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அறிதிறனும் நடத்தையும் ஒன்றுக்கொன்று எதிர்பார்த்தபடி அசையாமல் போகலாம். 2021இல் வெளியான சென்னைத் தூக்க ஆய்வு அப்படிப்பட்டது. குறைந்த வருமானமுள்ள 452 பேருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, மணிக்கட்டுக் கருவியால் தூக்கத்தையும், கணினியால் உற்பத்தியையும், தனிச் சோதனைகளால் கவனத்தையும் நினைவையும் அளந்தார்கள். எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். தலையணை, கண்மூடி போன்ற உதவிகளால் இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் கவனமோ உற்பத்தியோ கூடவில்லை. பணியிடத்திலேயே மதியம் போட்ட குட்டித் தூக்கம் இரண்டையும் உயர்த்தியது. "எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள்?" என்று வினாப்பட்டியலில் மட்டும் கேட்டிருந்தால், படுக்கையில் இருந்த எட்டு மணி நேரம்தான் பதிவாகியிருக்கும்.

படி 8: மதிப்பெண் யார் கைக்குப் போகிறது

அனுமதி தரும் நிர்வாகம் பின்னர் தனிநபர் மதிப்பெண்களைக் கேட்கும். தர முடியாது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அமெரிக்காவில் டியூக் பவர் நிறுவனம், பதவி மாற்றத்துக்குப் பள்ளி இறுதிச் சான்றையோ வொண்டர்லிக் உள்ளிட்ட சோதனைகளில் தேர்ச்சியையோ நிபந்தனையாக்கியது. அவை கறுப்பினத் தொழிலாளர்களை விலக்கின. வேலையைச் செய்யும் திறனோடு அவற்றுக்கு உள்ள தொடர்பும் காட்டப்படவில்லை. 1971இல் உச்ச நீதிமன்றம் அந்த நடைமுறை செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆய்வுக்காக எழுதிய சோதனை ஒருவருடைய வேலையைப் பறிக்கும் ஆயுதமாக மாற எந்தச் சட்டமும் தேவையில்லை, மேசையில் மறந்து விட்டுவந்த ஒரு பட்டியலே போதும். பெயரும் குறியீட்டு எண்ணும் சேர்ந்த தாளை மதிப்பெண் தாளோடு ஒரே பையில் எடுத்துப் போகாதீர்கள். தகவல் சரிபார்த்து முடிந்த அன்றே பெயர்த்தாளை அழித்துவிடுங்கள்.

ஆய்வேடு ஏற்கப்பட்டதும் அதே ஆலைக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். குழுவாக என்ன தெரிந்தது என்பதை இரண்டு பக்கத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து, சாப்பாட்டுக்கூடத்தின் பலகையில் ஒட்டிவிட்டு, கேள்வி கேட்பவர்களுக்காக அங்கேயே ஒரு மணி நேரம் உட்காருங்கள்.